இதர காரணங்கள்

பதினைந்தாம் தேதிக்குப் பிறகு
தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாதவருக்கு கேட் பாஸ் இல்லை.
சுற்றறிக்கையை டைப் செய்தவள் நான்.
விலக்கு கோருவோர் பர்சனல் பிரிவில்
எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம் என்ற கடைசி வரி
மேனேஜர் சேர்க்கச் சொன்னது.
கடைசி வரை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

படித்தார்கள்.
சாத்தாங்காட்டு கண்டெய்னர் யார்டில்
இருநூற்றுப் பதினோரு பேர், முப்பத்துநாலு கடிதம்.
கோடு போட்ட தாளில்,
டிரெய்லர் சலானின் பின்பக்கத்தில்,
கிழித்த நாட்காட்டித் தாளில் ஒன்று.
அன்றைக்குக் கரிநாள்.

லாஷிங் கன்னியப்பனுக்கு
ஊசியைக் கண்டாலே மயக்கம் வருமாம்,
முழங்கை வரை தேள் பச்சை குத்தியவனுக்கு.
ஆரோக்கியநாதன் சபைக் கடிதத்தோடு வந்தான்.
போன் போட்டுக் கேட்டேன், போதகர் இரண்டு டோஸும் போட்டிருந்தார்.
"அது என் சொந்த விஷயம்மா."
காலாடிப்பேட்டை டாக்டர் ஒருவர்
ஒரே பேனாவில் ஏழு பேருக்கும்
ஒரே ஒவ்வாமை எழுதித் தந்திருந்தார்.
ஏழையும் பின் குத்தி ஓரமாக வைத்தேன்.

கழிவறை கழுவும் சௌடம்மா
உண்மையிலேயே ஊசி ஒத்துக்கொள்ளாமல்
ஸ்டான்லியில் மூன்று நாள் கிடந்தவள்.
டிஸ்சார்ஜ் சீட்டை பால் கவருக்குள் மடித்துக் கொண்டுவந்து
பொய் சொன்னவள் போல நின்றாள்.
அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

படிவத்தில் மூன்று கட்டம்.
மருத்துவம். மதம். இதர காரணங்கள்.
மூன்றாவதுக்கு ஒரு வரிதான் இடம்.

ரீச் ஸ்டாக்கர் ஓட்டும் தேசிங்கு
படிவத்தை வெறுமையாக வைத்துவிட்டு
எதிரில் உட்கார்ந்தார்.
மணலிப் பக்கமிருந்து அமோனியா வாடை. ஜன்னலைச் சாத்தினேன்.
"ஊசியால இல்லம்மா.
பழைய அடைப்புன்னு டாக்டரு சொல்லிட்டாரு, எனக்கும் புரியுது.
ஆனா வரமாட்டேன்னவள
வண்டில ஏத்தி இட்டுனு போனது நானு.
ஒம்பதாம் நாளு..."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இத எந்தக் கட்டத்துல போடுவ?"

டேலி கிளார்க் ஜீனத்
அவர் வண்டி தூக்கும் பெட்டிக்குக் கீழேதான்
நின்று நம்பர் குறிக்கிறாள்.
மே மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில்
பதினெட்டாவது ஆம்புலன்ஸில் இருந்தான் அவள் அண்ணன்.
பதினாலாவது வரை உள்ளே போயிற்று.
சாயங்காலம் வந்து யார் பெயரையும் சொல்லாமல் கேட்டாள்:
"எத்தினி பேருக்கு ஓகே போடப் போறீங்கக்கா?"
பட்டியலை டிபன் மூடியால் மறைத்தேன்.
அவளும் பார்க்காத மாதிரி நின்றாள்.

அன்றிரவு அவர் கோப்பில் எழுதினேன்:
கூடுதல் விவரம் கோரப்படுகிறது. பதினைந்து நாள் அவகாசம்.
என்ன விவரம் என்று எழுதவில்லை.
அதுவரை நைட் ஷிப்ட், யார்டின் கடைக்கோடி,
காலிப் பெட்டிகள், மாஸ்க்,
திங்கள்தோறும் மூக்கில் குச்சி.
தண்டனையா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
இடமாற்ற உத்தரவில் இரண்டுக்கும் ஒரே வாசகம்தான்.

பதினாலாம் நாள் படிவம் வந்தது.
மூன்றாவது கட்டத்தில், கோட்டுக்கு மேல் ஏறாமல்,
பள்ளிக்கூடக் கையெழுத்தில்
நவநீதம்
என்று மட்டும்.

மேனேஜர் புருவத்தை உயர்த்தினார்.
"என்ன இது, வெண்ணெயா?"
"பேர் சார்."
அவர் பேனா மூடியைக் கழற்றினார், மூடினார்.
ஏற்கலாமா மறுக்கலாமா என்று
என்னைக் கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை.
வெளியே ரீச் ஸ்டாக்கர் பின்னால் வரும் சத்தம்,
பகலுக்குப் போட்ட புதுப்பையன்,
இந்த வாரம் இரண்டு பெட்டியை நசுக்கிவிட்டான்.
ஜீனத் கத்துவது கேட்டது: "நிறுத்து, நிறுத்து, ஆள் நிக்கிறேன்!"

"இன்னும் பதினைந்து நாள் போடட்டுமா சார்?"
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
லஞ்ச் முடிய நேரமிருந்தது.